கூச்சம் குற்றமல்ல

ஆரணியில் குடியிருப்பவர் வீட்டுக்கு உறவினர் வரத் திருவிழா வேண்டியதில்லை. எங்காவது ஒரு நிச்சயதார்த்தம் முடிந்தால் போதும். தை பிறந்தால், ஆவணி பிறந்தால், போளூர், செய்யாறு, வந்தவாசி, வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பேர் என் வீட்டு வாசலில் வந்து இறங்குவார்கள். ஒரு வாய் காபி குடித்துவிட்டு, உள்ளூர்க்காரி என்று என்னையும் ஏற்றிக்கொண்டு பட்டுக்கடைக்குப் புறப்படுவார்கள். இருபது வருடமாக இப்படிக் கூடப் போய் வந்துகொண்டிருக்கிறேன். போகும்போது வேனில் பேசுவது கல்யாணத்தைப் பற்றி. திரும்பும்போது பேசுவது, யார் ஏமாந்தார்கள் என்பதைப் பற்றி.

அந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் ஓர் அறிவுரையில்தான் போய் முடியும். ‘கடையில கூச்சமே படக் கூடாது. முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடணும். சேல்ஸ்மேன் கண்ணைப் பாக்காத. குடிக்கக் குடுத்தா வாங்காத. நூறு புடவை விரிச்சாலும் அது அவன் வேலை, நீ எழுந்து வந்துகினே இரு.’ இதையே பெண்கள் பத்திரிகைத் துணுக்குகளும் சொல்கின்றன, ஊரில் கெட்டிக்காரர் என்று பேர் வாங்கிய ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். விற்பவன் விடாமல் வற்புறுத்துவான், அது அவன் இயல்பு, அவனை வெட்டிவிட்டு வரத் தெரிந்தவரே விவரமானவர், தெரியாதவர் அசடு. இதுதான் நம்மிடையே நிலைத்துவிட்ட கருத்து. இது முழுக்கத் தவறு என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

என் அத்தையின் கதையிலிருந்து தொடங்குகிறேன். மகளின் கல்யாணத்துக்குக் கூரைப் புடவை எடுக்க வந்திருந்தார். கையில் 12 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு ரூபாயும் போகக் கூடாது என்று முதல் நாள் இரவே கணக்குப் போட்டு, சுருக்குப் பையில் தனியாக முடிந்து வைத்திருந்தார். காலையில் நாங்கள்தான் கடைக்கு முதல் ஆள். ‘வாங்கம்மா, உக்காருங்க. சும்மா பாருங்க, பாக்கறதுக்குக் காசா பணமா?’ என்றார்கள். மெத்தையில் உட்கார்ந்தோம். குடிக்கக் கலர் வந்தது. ஒரு பெண் புடவைகளை எடுத்து எடுத்து விரித்தாள். பத்து, இருபது, நாற்பது. அத்தைக்கு ஒன்று பிடித்தது, அவர் விலைக்குள்ளும் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் கடைக்காரர் வந்து எதிரில் உட்கார்ந்தார். ‘பொண்ணோட முகூர்த்தப் புடவை. இதுலயாம்மா விலை பாப்பீங்க?’ என்றார். பக்கத்தில் சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தார். ‘இது ஒரே பீஸுதான். நாளைக்கு வந்து கேட்டா இருக்காது. இன்னும் போணிகூட ஆகலை, மனசார எடுங்க’ என்றார். அத்தை 19,500 ரூபாய்க்கு எடுத்தார். குறைந்த பணத்தைச் சம்பந்தி அறியாமல் என்னிடம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் அத்தை மகன் பிடித்துக்கொண்டான். ‘வேணாம்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால?’ அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்: ‘அந்தப் பிள்ளை எத்தனை புடவை விரிச்சிதுடா. எப்படிடா எழுந்து வரது?’ வேனே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்று வரை எனக்கு வருத்தம் உண்டு.

அத்தை கேட்டது சரியான கேள்வி. தனக்காக ஒருத்தி குனிந்து நிமிர்ந்து உழைத்தாள். ஒன்றும் கொடுக்காமல் எழுந்து போவது எப்படி? இப்படி நினைப்பதை அசட்டுத்தனம் என்றால் நம் ஊர் வாழ்க்கை முழுவதும் அசட்டுத்தனம்தான். வாசலுக்கு வந்தவருக்கு ஒரு சொம்பு தண்ணீர், வாங்கிய குழம்புக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தராத பழக்கம், தலைமுறை கடந்தும் பத்திரமாக வைத்திருக்கும் மொய் நோட்டு எல்லாம் நிற்பது இந்த ஒரு நினைப்பின் மேல். அத்தை வீட்டுக் கல்யாணச் செலவில் பாதி, அவர் முப்பது வருடமாகப் பிறர் வீட்டில் எழுதிய மொய்யாகவே திரும்பி வந்தது. அப்படி வாழ்ந்தவரைக் கடைப்படி ஏறியதும் வேறு மனுஷியாகிவிடு என்றால் அவர் எங்கே போவார்?

இந்தக் குணம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்க உளவியலாளர் டென்னிஸ் ரீகன் 1971இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். சோதனைக்கு வந்தவர்களில் சிலருக்கு, கூட இருந்த ஆள் கேட்காமலே ஒரு கோகோ கோலா வாங்கிக் கொடுத்தான். பிறகு எல்லாரிடமும் லாட்டரிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். குளிர்பானம் வாங்கிக் குடித்தவர்கள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். கொடுத்தவனை அவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பதுகூடப் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. கடையில் நீட்டப்படும் கலருக்கும் இதே வேலைதான். உபசாரமாக மட்டும் கொடுக்கும் கடைகள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பில் போடும் வரை எழவிடாமல் கட்டிப்போடுவதற்காகக் கொடுக்கும்போது, அது இருபது ரூபாயில் ஒரு கடனை உண்டாக்கி ஆயிரங்களில் வசூலிக்கும் காரியம். இதில் குற்றம் செய்தது யார்? நல்ல குணம் உள்ளவரா, அந்தக் குணத்தில் கை வைத்துக் காசு எடுத்தவரா? வேனில் திட்டு வாங்கியது அத்தை. வீட்டில் நகையைக் கழற்றிக்கொண்டு போனவனை விட்டுவிட்டு, ‘நீ ஏன் நகை போட்டே?’ என்று கேட்பதைப் போன்றது இது.

சரி, விவரமானவர்கள் சொன்னபடியே முகத்தில் அடித்தாற்போலப் பேசினோம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த அடி யார் முகத்தில் விழுகிறது? கல்லாவில் இருப்பவர் முகத்தில் இல்லை. அவருக்கும் நமக்கும் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். எங்கள் தெருவில் மட்டும் பட்டுக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டே பேசுவார்கள். எடுக்காமல் எழுந்து போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் ‘ஏன் காலியா அனுப்பினே?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வெகுநாளாகத் தங்கிவிட்ட புடவையைத் தள்ளிவிட்டால் தனியாகக் கொஞ்சம் இன்சென்டிவ். விரித்ததை எல்லாம் மடிப்புக் கலையாமல் மடித்து வைக்க அரை மணி நேரம். ‘அக்கா, இதையும் ஒரு தடவை பாருங்கக்கா’ என்று அவள் கெஞ்சுவது அவள் இயல்பு என்றா நினைக்கிறோம்? வீட்டில் தங்கச்சியிடம் ஒரு வாய் அதிகம் சாப்பிடு என்று வற்புறுத்தத் தெரியாத பெண் அவள். வற்புறுத்தச் சொல்லி அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஜவுளிக்கடைப் பணியாளர்களின் கதையைச் சொல்லி 2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படத்தைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. அழுதுவிட்டு வந்து, மறுவாரம் ஜவுளிக்கடையில் அதே பெண்ணிடம் எரிந்து விழுந்தது. அந்தப் பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டியதில்லை, உட்கார இருக்கை தர வேண்டும் என்று இங்கே சட்டம் வர 2021 செப்டம்பர் ஆயிற்று. 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு திருத்தம், அவ்வளவுதான். நமக்கு முன்பே, 2018இல், கேரளம் அதைச் செய்திருந்தது. அங்கேயும் அது தானாக வரவில்லை. கோழிக்கோட்டில் விஜி பள்ளித்தொடி தொடங்கிய ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு, மிட்டாய்த் தெருக் கடைப் பெண்களுக்குக் கழிப்பறை கேட்டுத் தொடங்கி, பிறகு உட்காரும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடியது. ஒரு ஸ்டூலுக்காக இத்தனை காலம். அந்த ஸ்டூலும் பல கடைகளில் சுவரோரம் அடுக்கித்தான் கிடக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம். இந்த நிலையில் நிற்பவளிடம் உன் கோபத்தைக் காட்டு என்று சொல்லிக்கொடுப்பதா கெட்டிக்காரத்தனம்?

இங்கே எதிர்த் தரப்பில் ஒரு வாதம் வரும். ஆரணிக்காரர்களே அதைச் சொல்வார்கள், அதனால் அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ‘பேசாமல் பட்டு விற்குமா? கடை விற்றால்தான் தறி ஓடும். நீ கடைக்காரனைக் குறை சொன்னால் நெசவாளி வயிற்றில்தான் அடி விழும்.’ கடையிலும் இதைச் சொல்லியே வாங்க வைக்கிறார்கள். விலை கொஞ்சம் அதிகம் என்று முனகினால் போதும், ‘ஒரு குடும்பமே உக்காந்து நெஞ்சதும்மா’ என்று வரும். நெய்தது குடும்பம்தான், அதில் பொய் இல்லை. முதலாளியிடமிருந்து பாவும் பட்டும் ஜரிகையும் எடை போட்டு வாங்கி வந்து, கணவன் தறிக்குழியில் இறங்க, மனைவி தார் சுற்றித் தந்து, நாள்கணக்கில் நெய்து, மறுபடி எடை போட்டு ஒப்படைத்து, முன்பணம் போக மீதிக் கூலியை வாங்கி வருவது எங்கள் ஊர்ப் பிழைப்பு. அந்தக் கூலி ஒரு புடவைக்கு இவ்வளவு என்று புடவை கடைக்கு வருவதற்கு முன்பே பேசி முடிந்துவிடுகிறது. என் அத்தை 12 ஆயிரத்துக்குள் பார்த்து வைத்த புடவையையும் யாரோ நெய்திருந்தார். அதை மடித்து உள்ளே வைத்துவிட்டுக் கூடுதலாக வாங்கிய ஆயிரங்களில் எத்தனை ரூபாய் தறிக்குழிக்கு இறங்கியது? அந்த மெத்தையில் விற்றது ஒரு புடவைதான். வற்புறுத்தியதால் இரண்டாவது புடவை விற்கவில்லை, இரண்டாவது பாவும் ஓடவில்லை.

சரக்குத் தேங்கினால் முதலாளி பாவு தர மாட்டார், தறி நிற்கும் என்பது உண்மை. அதற்கு மருந்து வற்புறுத்தல் இல்லை. ஆரணிப் பட்டுக்கு என்று தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிப் பட்டைவிட எடை அடங்கியது, கட்டிக்கொண்டு பந்தியில் ஓடி ஆடலாம், விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டும் என்ற பேர் இருக்கிறது. புடவை வகையைக் கைத்தறிக்கு ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பட்டு சுத்தமா என்று சொல்ல மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் 2004 முதல் இருக்கிறது. இவற்றைச் சொல்லி விற்க ஆரணிக்கு வாய் இருக்கிறது. இதை விட்டுவிட்டு, ‘பொண்ணுக்குத்தானே, இதுலயா விலை பாப்பீங்க?’ என்று ஒரு தாயின் முகத்தைச் சம்பந்தி முன்னால் தொங்கப்போட்டு விற்பதை நெசவாளி பேரைச் சொல்லி நியாயப்படுத்தாதீர்கள். அப்படி வாங்கிப் போனவர் அடுத்த மகள் கல்யாணத்துக்கு ஆரணி பஸ் ஏற மாட்டார். என் அத்தை ஏறவில்லை.

‘வியாபாரம் என்றாலே உலகம் முழுக்க இப்படித்தான்’ என்பார்கள். பட்டு வியாபாரத்தை வைத்தே மறுக்கிறேன். இன்றைய டோக்கியோ, அன்றைக்கு எடோ. அங்கே மித்சுய் தகதோஷி என்ற வணிகர் 1673இல் எச்சிகோயா என்ற பட்டுத் துணிக்கடையைத் திறந்தார். அந்தக் காலத்தில் பட்டு வியாபாரிகள் பணக்கார வீடுகளுக்குத் துணியைச் சுமந்து போய், கடனுக்குக் கொடுத்து, ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். மித்சுய், கடையில் ரொக்கத்துக்கு, எல்லாருக்கும் ஒரே விலைக்கு, வேண்டிய அளவு வெட்டி விற்கிறேன் என்றார். கடை அழிந்துவிடவில்லை; மித்சுகோஷி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது. பாரிஸில் அரிஸ்தித் பூசிக்கோ 1852 முதல் வளர்த்தெடுத்த போன் மார்ஷே கடையிலும் இதே கதை. உள்ளே வந்தவர் வாங்கியே தீர வேண்டும் என்ற அன்றைய நடைமுறையை அவர் மாற்றினார். விலை எழுதி ஒட்டியிருக்கும், யாரும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். ‘சும்மா பாருங்க’ என்று எங்கள் ஊரில் வாயளவில் சொல்வதை அவர் சொன்னபடி செய்தார். அதில்தான் பெரிய வியாபாரியானார்.

வற்புறுத்தி விற்பது தவறு என்பதைச் சட்டமும் உணராமல் இல்லை. வீடு தேடி வந்து வற்புறுத்தி விற்ற பொருளை மூன்று வேலை நாளுக்குள் திருப்பிவிடலாம் என்ற விதி அமெரிக்காவில் 1974 முதல் நடப்பில் இருக்கிறது. ‘கூச்சத்தை விடு’ என்று அங்கே யாரும் வாங்கியவருக்கு வகுப்பெடுக்கவில்லை. வற்புறுத்தலுக்குப் பணிந்து சொன்ன ‘சரி’யை முழுச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். நம் நாட்டிலும் 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ‘டார்க் பேட்டர்ன்’ எனப்படும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க விதிமுறை வெளியிட்டது. இணையத்தில் விற்பவர்களுக்கானது அது. அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்கு ஆரணி மெத்தைதான் நினைவுக்கு வந்தது. ‘இன்னும் இரண்டே அறைகள்தான் மீதி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒரு வகை. ‘இது ஒரே பீஸுதான்மா’ வேறு என்ன? விமான டிக்கெட்டோடு இன்சூரன்ஸ் வேண்டாம் என்று சொல்பவரை ‘நான் பாதுகாப்பில்லாமல் இருக்கிறேன்’ என்ற வரியை அழுத்த வைத்துக் கூச வைப்பது இன்னொரு வகை. ‘பொண்ணோட புடவையில விலை பாக்கறீங்களே’ வேறு என்ன? செல்போன் திரையில் செய்தால் முறைகேடு, ரத்தமும் சதையுமாக எதிரில் உட்கார்ந்து செய்தால் வியாபாரத் திறமையா? திரையையாவது அணைத்துவிடலாம். எதிரில் இருக்கும் மனிதரை எப்படி அணைப்பது?

பேசவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. நல்ல விற்பனையாளரின் பேச்சு ஒரு கல்வி. எங்கள் ஊரில் வயதான ஒருவர் இருந்தார். ஜரிகையின் ஓர் இழையை நகத்தால் சுரண்டி, உள்ளே இருக்கும் சிவப்புப் பட்டு நூலைக் காட்டி, இதுதான் அசல் என்பார். அடுத்து ஒன்றைச் சுரண்டி, இது ஆஃப் பைன், ஒரு படி கீழான ஜரிகை, அதற்கேற்ற விலை, ஆனால் பளபளப்பு அத்தனை வருடம் நிற்காது என்பார். ‘உங்க பொண்ணு வேலைக்குப் போற பொண்ணு. இவ்ளோ கனத்துல எடுத்தா பீரோவுலதான் இருக்கும், வேணாம்மா’ என்று விலை அதிகமான புடவையைத் தானே ஒதுக்கி வைப்பார். அவரும் பேசினார், விடாமல் பேசினார். ஆனால் வேண்டாம் என்று நாம் சொன்ன இடத்தில் அவர் பேச்சு நின்றது. நான் எதிர்ப்பது, அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் நிற்காத பேச்சை.

அதனால் என் சண்டை கல்லாவோடு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சடிக்கிறார்களே, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எழுதவில்லை என்றால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. அந்த வரியைக் காட்டிக் கல்லாவில் கேளுங்கள், புடவை மடிக்கும் பெண்ணிடம் வேண்டாம். ஜரிகை என்ன வகை, புடவை எடை என்ன, கைத்தறியா விசைத்தறியா என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அசைந்து கொடுக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. குறையில்லாத புடவையையும், மடிப்புக் கலையாமல் இருந்தால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவோம் என்று எழுதி மாட்ட ஆரணிக் கடைகள் முன்வர வேண்டும். கடைப் பெண்களுக்கு, தள்ளிவிட்ட பழைய சரக்கைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் காசை நிறுத்திவிட்டு அதைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டும். இதில் எதைச் செய்தாலும் கடை மூடிப்போகாது. காலையில் முதல் ஆளாக வந்தவர் வெறுங்கையோடு எழுந்தால் போணி கெட்டுவிடும் என்ற பேச்சையும் வியாபாரிகள்தான் விட வேண்டும். அந்த நம்பிக்கையின் சுமையைப் படியேறி வந்தவர் தலையில் ஏற்றக் கூடாது.

சென்ற தையில் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்குத் தங்கை கல்யாணம். ஏழு வருடமாகப் பட்டுக்கடையில் நிற்பவள். எந்தப் புடவை தங்கிப்போனது, எப்போது கலர் வரும், எந்த வார்த்தைக்கு எந்த அம்மா மடங்குவார் என்று எல்லாம் தெரிந்தவள். தான் வேலை பார்க்கும் கடையில் எடுக்கப் பிடிக்காமல் வேறு கடைக்குப் போனாள். கையில் 9 ஆயிரம். திரும்பி வரும்போது 13 ஆயிரத்துக்கு எடுத்திருந்தாள். மீதிக்கு அவளுடைய தோடு போயிருந்தது.

‘உனக்குத் தெரியாததா? எழுந்து வந்திருக்கலாமே’ என்று என்னையும் அறியாமல் கேட்டுவிட்டேன்.

‘எழுந்துக்கலாம்னுதான்க்கா பாத்தேன்,’ என்றாள். ‘விரிச்சிக் காட்டின பொண்ணு எதிர்லயே நின்னுகினு இருந்திச்சி. ரெண்டு மணி நேரம். காலை மாத்தி மாத்தி வச்சிகினு.’